இல்லத்து இன்னிசையும் முன்பெருக்கியும்

சென்ற கோடை விடுமுறையில், நம் கல்லூரியிற் பயின்று இப்பொழுது வெளியூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியராய் அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் தந்தையார் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த இசைத்தட்டுகள், கல்கத்தாவை அடுத்த தம்தம் ஆலையில் அச்சானவை, இரும்புப் பெட்டி ஒன்று நிறைய இருக்கின்றன. அவற்றைச் சுழற்றுதற்கு ஒரு டர்ன்டேபிளும், மாமனார் கொடுத்த ஆற்றற்பெருக்கி ஒன்றும், நடுத்தரமான ஸ்பீக்கர்ப் பெட்டிகள் இரண்டும் வீட்டிற்கு வந்து சேர்ந்துவிட்டன. இடையில் வைக்க ஒரு முன்பெருக்கி மட்டுமே குறை. கடைக்காரர் ஒருவர் வால்வு பொருத்திய கருவி ஒன்றைக் காட்டி, விலை நாற்பதினாயிரம் ரூபாய் என்றனராம்.

“ஐயா, ஓராண்டு மிச்சம் பிடித்த பணம் முழுதும் இதற்கே போய்விடும். போனாலும் போகட்டும், அப்பா ஆசைப்படுகிறார். வாங்கலாம் என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னாற் போதும்” என்றார்.

“வேண்டா, தம்பி” என்றேன். அவர் முகம் வாடிற்று. ‘ஆம்’ என்று சொல்லியிருந்தால் காரணம் கேட்டிருக்கமாட்டார். ‘வேண்டா’ என்றதனால் அன்று மாலை முழுதும் காரணம் கூறவேண்டியதாயிற்று. அதனையே ஈண்டுச் சிறிது ஒழுங்குபடுத்தி எழுதுகின்றேன். நம் கல்லூரி அன்பர்களில் இசை கேட்கும் விருப்பமுடையார் பலர், அவருள் ஆசிரியரும் எழுத்தரும் மாணவருமே மிகுதி, செல்வர் சிலரே. ஆதலின் இது பலர்க்கும் பயன்படக்கூடும்.

முன்பெருக்கி, அதாவது கடைகளில் ‘பிரீஆம்ப்’ என்று வழங்கும் பெட்டி, எதற்காகத் தோன்றியது என்பதை முதற்கண் நோக்குவோம். வால்வுகளின் காலத்தில் அதற்குச் செய்ய வேண்டிய வேலை நிரம்ப இருந்தது. இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசி எழுப்பும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டே. அதனை நூறு மடங்குக்கு மேலும் உயர்த்தவேண்டும். தட்டு வெட்டுவோர் தாழ்ந்த சுரங்களை அடக்கியும் உயர்ந்தவற்றை மிகுத்தும் வெட்டுவர். அதனைத் தலைகீழாக்கி மீட்கவேண்டும். அதற்குரிய அளவு 1954-இல் அமெரிக்க நாட்டில் ஒருமைப்படுத்தப்படும் வரை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக வெட்டியமையால், அதற்கெனவே தேர்வுத் திருகு ஒன்று வேண்டியிருந்தது. ரேடியோவுக்கும் நாடாப் பதிவுக்கும் தனித்தனி வாயில்கள். இவற்றின் மேலும், பாக்ஸன்டால் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1952-இல் ‘வயர்லெஸ் வோர்ல்ட்’ பத்திரிகையில் வெளியிட்ட சுரத் திருகுகள், கனத்த ஒலிக்கு ஒன்று, மெல்லிய ஒலிக்கு ஒன்று. இத்தனையும் ஒரு பெட்டியில் அடங்கியமையால் அதனை ஆங்கிலேயர் ‘ஆட்சிப் பெட்டி’ என்னும் பொருள்பட வழங்கினர். அப்பெயர் பொருத்தமானதே.

1982-இல் ‘காம்பாக்ட் டிஸ்க்’ என்னும் ஒளித்தட்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதனை இயக்கும் கருவி வெளியிடும் மின்னழுத்தம் உச்ச அளவில் ஏறக்குறைய 2 வோல்ட். பின்னர் வந்த, கணிப்பொறியினின்றும் கைப்பேசியினின்றும் இசையை மின்னலையாக மாற்றித் தரும் சிறு பெட்டிகளும் பெரும்பாலும் அவ்வளவே தருகின்றன. இந்த ஓர் எண்ணே முன்பெருக்கியின் பழைய பெருமையைக் குலைத்துவிட்டது. எங்ஙனமெனிற் கூறுவேன்.

50 வாட் ஆற்றலை 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தருவதற்கு ஆற்றற்பெருக்கியின் வெளிவாயில் 20 வோல்ட் வேண்டும். இன்றைய ஆற்றற்பெருக்கிகள் தம்முள் வரும் அலையை ஏறக்குறைய 20 மடங்கு முதல் 28 மடங்கு வரை பெருக்குவன. ஆகவே, உள்ளே 1 வோல்ட் சென்றாலே, சிலவற்றில் அதற்குக் குறைந்தாலும், அது தன் முழு வலியையும் காட்டிவிடும். இசைக்கருவி தருவதோ 2 வோல்ட். வேண்டியதற்கு இருமடங்கு முன்னமே கையில் இருக்கும்போது, இடையில் ஒரு பெருக்கியை வைத்துப் பத்து மடங்கு பெருக்குதல் எற்றுக்கு? நிறைந்து வழியும் குடத்தின் மேல் குழாயைத் திறந்துவிடுவதை ஒக்கும் அது. நமக்கு வேண்டுவது பெருக்கம் அன்று, குறைப்பு.

இதனை யான் நூலிற் படித்து அறிந்தேனல்லேன், பணங்கொடுத்து அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், விலை மிக்கதோர் முன்பெருக்கியை வாங்கினேன். பத்து மடங்கு பெருக்கும் தன்மையது. முகப்பு வெள்ளிபோல் மின்னும். வால்யூம் திருகைக் கடிகாரத்தின் எட்டு மணி நிலைக்குத் தள்ளியவுடன் சுவர் அதிரும். அதற்கு மேல் திருகின் பெரும்பகுதி ஒருநாளும் பயன்பட்டதில்லை. நாம் வீட்டில் கேட்கும் இயல்பான அளவுக்கு ஸ்பீக்கரில் 1 வாட் போதும். அதாவது ஆற்றற்பெருக்கியின் வாயிலில் ஒரு வோல்ட்டில் ஏழில் ஒரு பங்கு. யான் வாங்கிய கருவியோ, 2 வோல்ட்டை 20 வோல்ட்டாக்கும் வல்லமை பெற்றது. ஆகவே அந்தத் திருகு, நூற்று நாற்பதில் ஒரு பங்காகக் குறைத்தே எனக்கு இசையைத் தரவேண்டியிருந்தது. திருகின் அடிக்கோடியில், இடப்பக்கத்துத் தடையும் வலப்பக்கத்துத் தடையும் ஒத்து நடப்பதில்லை. மலிவான கரித்தடத் திருகுகளில் இக்குறை எங்கும் உண்டு. விலை மிக்க என் கருவியிலும் உள்ளே இருந்தது அவ்வினத்துத் திருகே. இரவில் குழந்தை உறங்கும்போது மெல்லக் கேட்கலாம் என்று திருகைத் தாழ்த்தினால், வலப்பெட்டி பாடும், இடப்பெட்டி வாய்மூடியிருக்கும். என் இடச்செவிக்கு இரவுதோறும் உபவாசம். போதாக்குறைக்கு ஓர் ஓயாத சீறல். திருகைத் தாழ்த்தினாலும் அது தாழாது. திருகு முன்னும் பெருக்கம் பின்னுமாக அமைந்த கருவியில், பெருக்கும் உறுப்பு தானே எழுப்பும் இரைச்சலைத் திருகினால் குறைக்க இயலாது என்பதை அப்பொழுது யான் அறியேன். மூன்றாண்டு பொறுத்து, பாதி விலைக்கும் குறைவாக அதனைத் தள்ளினேன். விற்றவரைக் குறை கூறேன். கேட்க வேண்டியதை யான் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது யாது? விலையன்று, பெயரன்று, முகப்பின் கனமன்று. ‘இது எத்தனை மடங்கு பெருக்கும்?’ என்பதே முதற்கேள்வி. ஒரு மடங்கு என்றால் மிக நன்று. மூன்று மடங்கு வரை குற்றமில்லை. பத்து என்றால் விலகுக. அமெரிக்க நாட்டுப் பெருக்கி வல்லுநர் நெல்சன் பாஸ் என்பார், ஒருசிறிதும் பெருக்காமல் வந்ததை வந்தபடியே வலிமையூட்டி அனுப்பும் ‘பி1’ என்னும் முன்பெருக்கியின் அமைப்பை, யாரும் தாமே செய்துகொள்ளுமாறு 2008-இல் வெளியிட்டார். மிக உயர்ந்த விலைக் கருவிகளைச் செய்து விற்கும் ஒருவரே இவ்வாறு செய்தது நோக்கத்தக்கது.

அதனினும் எளியது, மின்சாரமே வேண்டாத வெறுந்திருகு. ஓர் உலோகப் பெட்டி. அதனுள் இரட்டைத் திருகு ஒன்று. முன்னும் பின்னும் வாயில்கள். அவ்வளவே. அமெரிக்காவில் ஷீட் என்னும் கம்பெனி ‘சிஸ்’ என்ற பெயரில் இத்தகையதொன்றை 49 டாலருக்கு விற்று வந்தது. கைத்தொழில் சிறிது அறிந்தவர், சென்னை ரிச்சி தெருவில் உறுப்புகளைப் பொறுக்கிச் சில நூறு ரூபாயில் தாமே செய்து கொள்ளலாம். பௌதிகப் பிரிவு மாணவர்களுக்கு ஒரு சனிக்கிழமைப் பிற்பகலின் வேலை.

‘வெறுந்திருகு இசையை மழுக்கிவிடும், உயிரைக் கெடுத்துவிடும்’ என்பார் உளர். அவர் கூற்று முழுப்பொய்யன்று. கணக்கிட்டுப் பார்த்தால் எவ்விடத்து மெய், எவ்விடத்துப் பொய் என்பது விளங்கும். 10 கிலோஓம் திருகு ஒன்று தன் நடுநிலையில் காட்டும் வெளித்தடை, கூடிப்போனால் அதன் காற்பங்கு, அஃதாவது 2,500 ஓம். இணைக்கும் கம்பியின் மின்கொள்ளளவு மீட்டருக்கு 100 பிகோபாரட் என்றும், கம்பி 5 மீட்டர் என்றும் கொள்வோம். இவ்விரண்டும் சேர்ந்து உயர்ந்த அலைகளை உண்ணத் தொடங்குவது 1,27,000 ஹெர்ட்ஸ் அளவில். மனிதச் செவி 20,000-க்கு மேல் கேளாது. ஆகவே ஊனமில்லை. அதே இடத்தில் 100 கிலோஓம் திருகை வைத்தீரேல், அவ்வெல்லை 12,700-க்கு இறங்கிவிடும். வயலினின் மினுக்கும் ஜால்ராவின் கூர்மையும் மங்கும். பழிப்போர் பெரும்பாலும் இந்த இரண்டாவதைக் கேட்டுவிட்டு முதலாவதையும் சேர்த்துப் பழிப்பவரே. கம்பி குறுகியதாகவும், திருகு 10 கிலோஓமாகவும், பின்வரும் பெருக்கியின் உள்தடை அதனினும் பல மடங்கு பெரிதாகவும் இருப்பின், வெறுந்திருகினும் தூய முன்பெருக்கி உலகில் இல்லை என்பேன்.

வால்வுக் கருவிகளின் செய்தி வேறு. வால்வை யான் வெறுப்பவனல்லேன்; இருட்டறையில் அதன் செந்நிற ஒளி எனக்கும் இனிதே. ஆயினும் வால்வு வரும் இசைக்குத் தன் இரண்டாஞ்சுரக் கலப்பைச் சிறிது சேர்த்துத் தருவது. அஃது இனிமை என்று சிலர்க்குத் தோன்றும். சமைத்தவர் உப்பிட்டு இறக்கிய குழம்பில் இலையில் அமர்ந்தவர் மீண்டும் உப்பிடுவது போன்றது. விரும்பினால் இட்டுக்கொள்ளலாம், ஆனால் அதனைச் சமையலின் உண்மைச் சுவை என்று பிறர்க்கு விலை கூறலாகாது. இன்னுமொரு பொருத்தமின்மை உண்டு. பழைய வால்வு முன்பெருக்கிகள், பல இலட்சம் ஓம் உள்தடையுள்ள வால்வுப் பெருக்கிகளுக்கென அமைக்கப்பட்டவை. அவற்றின் வெளிவாயிலில் 0.47 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று இருப்பின், 10 கிலோஓம் உள்தடையுள்ள இக்காலப் பெருக்கியோடு சேரும்போது 34 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி தேயத் தொடங்கும். வாங்கியவர், ‘வால்வில் கனத்த ஒலி மென்மையாய் இருக்கின்றது’ என்று மகிழ்வார். மென்மையன்று அது, இன்மை.

பழம்பொருள் வாங்கும் ஆசையுடையார்க்கும் ஒரு சொல். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த க்வாட் 22 என்னும் வால்வு முன்பெருக்கி அழகிலும் உழைப்பிலும் புகழ்பெற்றது. ஆனால் அது தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் துணையான ஆற்றற்பெருக்கியினின்றே பெறுவது; தனியே வாங்கி வந்தவர் அதனை அலமாரியில் வைத்துப் பார்க்கலாமேயன்றிக் கேட்க இயலாது. அதன்பின் 1967-இல் வந்த டிரான்ஸிஸ்டர் க்வாட் 33, தன் மின்சாரம் தானே உடையது. பழைய விலைக்குக் கிடைப்பின் குறைவில்லை. எனினும் அதன் ரேடியோ வாயில் 100 மில்லிவோல்ட்டுக்கென அமைந்தது; 2 வோல்ட் கருவியை அதில் நேரே இணைத்தால், யான் பட்ட எட்டு மணித் துன்பமே விளையும்.

பலர்க்கு நல்வழி, முன்பெருக்கி என்று தனியே ஒன்றைத் தேடாமையே. இரண்டு பெருக்கிகளும் ஒரே பெட்டியுள் அடங்கிய கருவி தனித்தனிப் பெட்டிகளினும் இழிந்தது என்றொரு எண்ணம் நம்மிடை வேரூன்றியிருக்கின்றது. 1978-இல் வெளிவந்த என்.ஏ.டி. 3020, பக்கத்துக்கு 20 வாட் மட்டுமே உடைய மலிவான கருவி, அவ்வெண்ணத்தை அந்நாளிலேயே அசைத்துவிட்டது. அதன் பின்புறத்தில் முன்பெருக்கியையும் ஆற்றற்பெருக்கியையும் இணைத்து நிற்கும் சிறு உலோக வளைவுகளைக் கழற்றிவிட்டால், முன்பாதியைத் தனி முன்பெருக்கியாகவே ஆளலாம். இத்தகைய வாயிலுள்ள பழங்கருவி ஒன்று கிடைப்பின், இசைத்தட்டு வாயில், சுரத் திருகுகள், தேர்வுத் திருகு யாவும் ஒரே விலையில் வந்துவிடும்.

சுரத் திருகு என்றதும் நினைவு வருகின்றது. விலை உயர உயரக் கருவிகளில் அவை மறைந்துபோகின்றன; அவற்றை வைத்தல் இழுக்கு என்பது போலும்! திரையும் கம்பளமும் நிறைந்த மேனாட்டு அறைகளுக்கு அது பொருந்தலாம். நம் வீடுகளில் தரை மொசைக்கு, சுவர் வெறுமை, சன்னல் கண்ணாடி. மெல்லிய ஒலி எங்கும் மோதித் திரும்பிச் செவியைக் கீறும். அதனைச் சிறிது தணிக்கும் பாக்ஸன்டால் திருகு ஒன்று, பொன்முலாம் பூசிய வாயில்கள் நான்கினும் எனக்கு உயர்ந்தது. இடவலச் சமன் திருகும் அவ்வாறே; நம் நாற்காலி இரு பெட்டிகளுக்கும் நேர்நடுவே அமைவது எத்தனை வீடுகளில்?

இனி, ‘கணக்கெல்லாம் சரி, செவிக்கு வேறுபாடு தெரிகின்றதே’ என்பார்க்கு என் விடை. தெரிகின்றது என்பது மெய். எது தெரிகின்றது என்பதே வினா. இரு கருவிகளில் ஒன்று மயிரிழை உரத்துப் பாடினும், நம் செவி அதனை ‘உரப்பு’ என்று கூறாது. ‘தெளிவு’, ‘உயிர்’ என்றே கூறும். கடைகளில் விலையுயர்ந்த கருவி பெரும்பாலும் சிறிது உரத்தே ஒலிக்கும். வேண்டுமென்றே என்று சொல்லேன். ஆதலின் வீட்டில் ஒப்பிடுவோர், 50 ஹெர்ட்ஸ் ஒற்றைச்சுரம் ஒன்றை இயக்கி, ஸ்பீக்கர் முனையில் சாதாரண மல்டிமீட்டரால் அளந்து, இரண்டும் நூற்றுக்கு ஒன்றுக்குள் ஒத்திருக்குமாறு செய்துகொள்க. பின்பு நண்பர் ஒருவர், நாணயம் சுண்டி, உமக்குக் காட்டாமல் மாற்றி மாற்றி இணைக்கட்டும். 16 முறையில் 12 முறையேனும் எது எதுவென்று சரியாய்ச் சொன்னீரேல், உம் செவியை யான் வணங்குவேன். குருட்டு அதிர்ஷ்டத்தால் அது நேர்வது நூற்றில் நான்கு முறைக்கும் குறைவு. இச்சோதனையில் வென்றோர் தம் பணத்தைத் தம் விருப்பப்படி செலவிடுக. யான் நண்பர் இருவருடன் முயன்றபோது எட்டும் ஒன்பதுமாகவே நின்றோம்.

ஒரு காரியத்தில் மட்டும் முன்பெருக்கிக்கு இன்றும் வேலை உண்டு, அது இசைத்தட்டு. ஊசி தருவது காந்தம் அசையும் வகையில் ஏறக்குறைய 5 மில்லிவோல்ட்; சுருள் அசையும் வகையில் அதிற் பத்தில் ஒரு பங்கும் இல்லாமலிருக்கலாம். இதனை உயர்த்துவதோடு, 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 9 மடங்கு கூட்டியும் 20,000-இல் அவ்வளவே குறைத்தும் தட்டு வெட்டியவரின் மாற்றத்தை மீட்கவேண்டும். இங்கே இரைச்சலும் துல்லியமும் மெய்யாகவே செவிக்கு எட்டுவன. இங்கே செலவிடுவது வீணன்று. ஆனால் இங்கும் பெருஞ்செலவு தேவையில்லை. 5532 என்னும் சிறு சில்லு 1970-களின் இறுதியில் தோன்றியது. டக்ளஸ் ஸெல்ஃப் என்னும் ஆங்கிலப் பொறியாளர் அதனைக் கொண்டே 1983-இல் ஒரு முன்பெருக்கியை வகுத்து வெளியிட்டார். இன்று அச்சில்லின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் ஆகாது. அதனைச் செம்மையாய்ப் பயன்படுத்திய எளிய பெட்டி, நாற்பதினாயிரத்துக் கருவியினும் அமைதியாக இருத்தல் கூடும்.

அவ்விளைஞர் ஐயாயிரத்துக்கு உட்பட்ட இசைத்தட்டுப் பெட்டி ஒன்றை வாங்கினார். 10 கிலோஓம் திருகைத் தாமே பழைய பிஸ்கத்து டப்பாவுள் அமைத்தார். டப்பாவின் தகரம் வெளி மின்னலைகளைத் தடுக்கும் என்றபோது முதலில் நகைத்தார், பின் நம்பினார். மிஞ்சிய பணத்தில் புது ஊசி ஒன்று வாங்கி, எஞ்சியதை வங்கியிற் போட்டார். முதல் நாள் தொலைபேசியில், “ஐயா, பாட்டு நன்றாக வருகிறது, ஆனால் அடியில் வண்டு போல ஓர் உறுமல்” என்றார். டர்ன்டேபிளிலிருந்து தனியே தொங்கும் மெல்லிய கம்பியை என்ன செய்தீர் என்று வினவினேன். அது எதற்கென்று தெரியாமல் சுருட்டி வைத்திருந்தாராம். மறுநாள் மீண்டும் அழைத்தார். அவர் சொல்லுமுன்பே தந்தையார் கருவியின் பின்புறத்தில் தரைத் திருகு இருப்பதைக் கண்டு, கம்பியை அதில் முறுக்கி வைத்துவிட்டு, இரண்டாந் தட்டை ஏற்றியிருந்தாராம்.